பூங்கா யாருடையது, சாவி யாரிடம்? பொதுப் பசுமை இடம் ஒழுங்காக நடக்க என்ன வேண்டும்

2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சியின் 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியார் நடத்தலாம், விளையாட வருகிறவர்களிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்பது அதன் சாரம். எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் கட்டணம் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அப்போது எழுந்த கேள்விகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பொது இடத்துக்குக் கட்டணம் வாங்கலாமா? எங்கள் அடுக்ககத்தை ஒட்டியிருக்கும் பூங்காவை வெளியாள் வராமல் பூட்டிக்கொள்ளலாமா? ஒரு கம்பெனி பூங்காவைத் தத்தெடுத்தால் அது கம்பெனியுடையதாகிவிடுமா?

இந்தச் சண்டைகளில் பாதி, மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, அன்றாட நிர்வாகம் யார் கையில் இருக்கிறது, உள்ளே வர யாருக்கு உரிமை இருக்கிறது என்பவையே அந்த மூன்று. மூன்றுக்கும் எழுத்தில் பதில் உள்ள பூங்காதான் நன்றாக நடக்கும். நடைபாதை, ஊஞ்சல், நீரூற்று எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் நிலம்

‘பார்க்’ என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலு விதம்.

1. மனைப்பிரிவுப் பூங்கா. லேஅவுட் போடும்போது வரைபடத்தில் பூங்கா என்று ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்த இடம். பழைய நகர்களில் இருக்கும் பூங்காக்களில் பெரும்பாலானவை இந்த வகை.

2. ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய கட்டடத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது, நிலத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதிப்படி வருவது.

3. வேறொரு அரசுத் துறையின் நிலம். ஆற்றங்கரை, ஏரிக்கரை போன்றவை. நிலம் ஒரு துறையுடையதாக இருக்கும், மரம் வளர்ப்பது அக்கம்பக்கத்தாராக இருக்கும். சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிய மரப் பூங்கா இப்படி வந்ததுதான். குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தை நிழல் என்ற அமைப்பும் தன்னார்வலர்களும் சேர்ந்து தோப்பாக்கினார்கள்.

4. அடுக்ககத்தின் சொந்தத் தோட்டம். வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கூட்டாக உள்ள நிலத்தில், அதாவது அவர்களின் பிரிபடாத பங்கில் அடங்கியது. தனியார் சொத்து என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

இரண்டாவதையும் நாலாவதையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பெரிய சிக்கல். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்லும் கணக்கு இது. மனை 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஓ.எஸ்.ஆர். கிடையாது. 3,000-லிருந்து 10,000 வரை என்றால், சாலைக்குப் போனது போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. 10 சதவீத நிலத்தைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 20,000 சதுர மீட்டர் மனை, அதில் சாலை 3,000 சதுர மீட்டர். மீதி 17,000-ல் 10 சதவீதம் 1,700 சதுர மீட்டர், ஏறக்குறைய ஏழரை கிரவுண்டு. பத்திரம் பதிவான நாளிலிருந்து அந்த ஏழரை கிரவுண்டு ஊர்ச் சொத்து. ஆனால் வீடு விற்கும்போது காட்டும் வண்ணப் படத்தில் அதுவும் சேர்ந்தே பச்சையாக இருந்திருக்கும். பணம் கொடுத்து வாங்கியவர் அதைத் தன் தோட்டம் என்று நினைத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. சங்கம் வேலி போடும், காவலாளி ‘ரெசிடென்ட்ஸ் ஒன்லி’ என்பார். பத்து வருஷம் கழித்து வார்டு உறுப்பினர் வந்து கதவைத் திறக்கச் சொல்லும்போது, ஏதோ சொந்த நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதுபோல் கொதிப்பு கிளம்பும்.

நிலத்தை இப்படி இழப்பீடில்லாமல் வாங்குவது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இந்த ஒதுக்கீட்டு விதி செல்லும் என்று 2023-ல் தீர்ப்பானது. பூங்கா என்று ஒதுக்கிய இடத்தை வேறு எதற்காவது கொடுக்கலாமா என்பது அதற்கும் பழைய கேள்வி. பெங்களூரில் அப்படி ஒதுக்கிய இடமொன்றைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். கொடுத்தது செல்லாது என்றும், இதைக் கேட்க அக்கம்பக்கத்தாருக்கு உரிமை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கவென்று 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. எந்த சர்வே எண் எந்த வகை என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

3,000-லிருந்து 10,000 வரையிலான மனைகளுக்குப் பணம் கட்டும் வசதி தந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டடம் எழும்பும் தெருவில் ஆள் கூடுவார்கள், அந்தத் தெருவுக்கு ஒரு மரம்கூட வராது. பணமாக வந்ததை வைத்து அதே பேட்டையில் நிலம் வாங்குவது இன்றைய விலையில் நடக்கிற காரியமா?

அப்புறம் சாவி

நிலம் பொது என்று முடிவாகிவிட்டாலும் கதவு பூட்டியிருந்தால் என்ன பயன்? நம் ஊர்ப் பூங்காக்களில் பல வருஷமாக இருந்த வழக்கம், காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம், நடுவில் பூட்டு. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அது பொருந்தும். மதியம் நிழல் தேடும் உணவு டெலிவரிப் பையனுக்கும், ஒரு வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் முன் உட்கார நினைக்கும் பெண்ணுக்கும் பொருந்தாது. உண்மையில் நிழல் தேவைப்படும் நேரமே அந்த மதியம்தான். சென்னை மாநகராட்சி தன் பூங்காக்கள் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும் என்று 2024-ல் அறிவித்தது நல்ல திருத்தம். இருந்தாலும் சாவி ஒரு தனி மனிதரின் இடுப்பில் தொங்கும் வரை, அறிவிப்பு அறிவிப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

பராமரிக்கிற சங்கத்துக்கு எவ்வளவு உரிமை தரலாம் என்பதில் நியூயார்க்கின் அனுபவம் உதவும். 1970-களில் அந்நகரில் கைவிடப்பட்ட காலி மனைகளை அக்கம்பக்கத்தார் தோட்டமாக்கினார்கள். நிலம் நகராட்சியுடையது. 1999-ல் நகராட்சி அந்தத் தோட்டங்களில் 100-க்கு மேற்பட்டவற்றை ஏலம் விடக் கிளம்பியது. கடைசி நேரத்தில் இரண்டு அறக்கட்டளைகள் பணம் திரட்டி அவற்றை வாங்கிக் காப்பாற்றின. இருபது வருஷம் உழைத்துத் தோட்டம் போட்டாலும் பத்திரம் இல்லையென்றால் நிலைமை இதுதான். இது ஒரு பக்கம். மறு பக்கம், நகராட்சியின் தோட்டத் திட்டத்தில் இருக்கும் குழுக்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு 20 மணி நேரமாவது கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். உழைக்கிறவர்கள் நிர்வாகம் செய்யலாம், அதற்காக ஊருக்குப் பூட்டுப் போட முடியாது. நம் குடியிருப்போர் சங்கங்களோடு போடும் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி, மணிக் கணக்கோடு, இருந்தே ஆக வேண்டும்.

கதவு திறந்திருந்தாலும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்பதில்லை. வியன்னாவில் 1990-களில் கவனித்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. பந்து விளையாடும் பெரிய கூண்டுகளைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். நகராட்சி இரண்டு பூங்காக்களில் திடலைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, பூப்பந்து, கைப்பந்துக்கு இடம் விட்டு, பாதைகளையும் மாற்றியது. பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஊரில் இதோடு கழிப்பறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் கழிப்பறை இல்லாத பூங்காவில் வயதானவர்களும் பெண்களும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். அதைக் கட்டிவிட்டுப் பூட்டி, துடைப்பமும் பெயின்ட் டப்பாவும் போட்டு வைப்பது இன்னொரு வழக்கம்.

தண்ணீர், நிழல், சருகு

பூங்கா திறப்பு விழாப் படங்களில் முதலில் கண்ணில் படுவது புல்வெளி. பராமரிப்புச் செலவைத் தின்பதும் அதுதான். சென்னைக் கோடையில் புல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர மீட்டர் புல்வெளிக்கு 5,000 லிட்டர். மாதத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி பன்னிரண்டு, பதிமூன்று தடவை வர வேண்டும். அந்தப் புல்லின் மேல் பெரும்பாலும் ‘மிதிக்காதீர்’ என்ற பலகை வேறு. மண் தரையும் மரமும் இருந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள், தண்ணீர்ச் செலவும் மிச்சம்.

இன்னொரு பக்கம், மேலிருந்து இலவசமாக வரும் தண்ணீரை வெளியே விரட்டிக்கொண்டிருக்கிறோம். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு ஏக்கர் பூங்காவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 56 லட்சம் லிட்டர் விழுகிறது. பாதையையும் திண்டையும் உயர்த்தி, எல்லாப் பக்கமும் சிமென்ட் கல் பதித்து, வாட்டத்தைத் தெரு வடிகால் பக்கம் வைத்தால் அவ்வளவும் தெருவுக்குத்தான். தரையைச் சாலை மட்டத்துக்குக் கீழே இறக்கி, நடுவில் குளம்போல் பள்ளம் விட்டு, தெருத் தண்ணீரையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் பஞ்சுப் பூங்காக்களைச் சென்னையில் இப்போது அமைத்து வருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் நுழையும் வாயில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி பிறப்பதற்கு முன் யாராவது அதை வாரிவிட வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் சொல்லி ஆள் போடாவிட்டால், இரண்டாவது மழைக்காலத்தில் அது வெறும் பள்ளம்.

மரங்களைப் பற்றி மூன்று குறிப்புகள்:

1. என்ன மரம். 2016 டிசம்பர் வர்தா புயலில் தெருவெங்கும் சாய்ந்து கிடந்தவற்றில் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்த மரங்கள் நிறைய. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், புன்னை, நாவல் இவை கடலோர ஊருக்குத் தெரிந்த மரங்கள். சீக்கிரம் பச்சை காட்டுகிறது என்பதற்காக வேலியோரம் வைத்த கோனோகார்பஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் தடை போட்டுவிட்டது.

2. அடிமரம். மரத்தைச் சுற்றிக் கழுத்து வரை சிமென்ட் போட்டு, அதன்மேல் டைல்ஸ் ஒட்டித் திண்ணையாக்குவது நம் ஒப்பந்ததாரர்களுக்குப் பிடித்த வேலை. வேர் மூச்சு விட முடியாது, தண்ணீரும் இறங்காது. டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொன்னது 2013-ல். அந்த ஒரு மீட்டரை இங்கும் அளந்து பார்க்கலாம்.

3. சருகு. பூங்காவில் புகை வருகிறதென்றால் நிர்வாகம் சரியில்லை என்று அர்த்தம். கோழிவலைக் கம்பியை நாலடி அகலத்துக்கு வட்டமாக வளைத்து நிறுத்தினால் சருகுக் கூண்டு தயார். அரையடிக்குச் சருகு, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல் அல்லது புளித்த மோர், ஒரு கை மண், பிறகு மறுபடியும் சருகு. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதத்தில் அடியில் கறுத்து, பொலபொலவென்று உதிரும். உரத்துக்குச் செலவில்லை, குப்பை லாரிக்கும் வேலையில்லை. மாங்கொட்டையும் தேங்காய் மட்டையும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பெயர் தெரிந்த ஓர் ஆள்

நம் கிராமத்து ஏரிகளில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கென்று ஒரு பங்கு நெல் உண்டு. வேலை இன்னது, ஆள் இன்னார், கூலி எங்கிருந்து வரும் என்ற மூன்றும் ஊருக்கே தெரியும். இன்றைய பூங்காவில் இந்த மூன்றுமே தெளிவில்லை. மாநகராட்சி ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கிறது, ஒப்பந்ததாரர் நாலு பூங்காவுக்கு ஒரு தோட்டக்காரரைப் போடுகிறார், அவர் விடுப்பில் போனால் செடிகளும் விடுப்பு. குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எந்தப் பலகையிலும் இருக்காது. திறந்து வைத்தவர்களின் பெயர்கள் மட்டும் கல்லில் இருக்கும்.

பிரிட்டனில் பூங்காக்களுக்குப் ‘பசுமைக் கொடி’ என்றொரு விருதுத் திட்டம் 1996-லிருந்து நடக்கிறது. சமூகக் குழுக்கள் நடத்தும் இடங்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. வரவேற்பான சூழல், பாதுகாப்பு, சுத்தம், சுற்றுச்சூழல், பல்லுயிர், ஊராரின் பங்கு, தகவல் சொல்லும் விதம், நிர்வாகம் என்று எட்டு தலைப்பில் பார்க்கிறார்கள். தலைப்புகளை விட மதிப்பெண் போடும் முறைதான் சுவாரசியம். பூங்காக்களுக்கான முதன்மை விருதில் எழுத்திலுள்ள பராமரிப்புத் திட்டத்துக்கு 30, நேரில் பார்ப்பதற்கு 70. தேறுவதற்கு மொத்தம் 66 வேண்டும். அதோடு திட்டத்தில் 15-ம் நேரில் 42-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். அப்படியானால், நேரில் 70-க்கு 70 வாங்கிய பூங்காவும் திட்டத்தில் 14 எடுத்தால் தோல்வி! இன்றைக்கு அழகாக இருக்கிறது, சரி. இதைச் செய்கிற ஆள் போய்விட்டால் அடுத்த வருஷம் என்ன ஆகும் என்பது அந்த 30 மதிப்பெண்ணின் கேள்வி.

நமக்கு அவ்வளவு பெரிய ஆவணம் வேண்டியதில்லை. தினமும் செய்வது, வாரம் ஒரு தடவை செய்வது, மழைக்கு முன் செய்வது, வருஷத்துக்கு ஒரு முறை செய்வது என்று ஒரே தாளில் எழுதி, எதிரில் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டு வாசலில் ஒட்டினால் பாதி வேலை ஆயிற்று.

பணமும் தத்தெடுப்பும்

பூங்கா கட்டப் பணம் கிடைப்பது எளிது. திட்ட நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று வழிகள் இருக்கின்றன. நடத்துவதற்குத்தான் கிடைக்காது. அந்த இடைவெளியில்தான் தத்தெடுப்பு வருகிறது. மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவை சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் பல வருஷமாகப் பராமரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளில் இளம் பிள்ளைகள் அங்கே பாடுகிறார்கள். பூங்கா மாநகராட்சியுடையது, நுழைவுக் கட்டணம் இல்லை. நிலம், நிர்வாகம், பயன்பாடு மூன்றையும் குழப்பாமல் வைத்தால் தத்தெடுப்பு வேலை செய்யும் என்பதற்கு இது போதும்.

எல்லாத் தத்தெடுப்பும் இப்படி அமைவதில்லை. ஒப்பந்தத்தில் நான் பார்க்கச் சொல்வது இவை:

1. காலக்கெடு. மூன்று வருஷமா, ஐந்தா? முடிந்ததும் யார் ஏற்பது?
2. விளம்பரப் பலகை எத்தனை, எந்த அளவு?
3. கட்டணம், முன்பதிவு, தனியார் வகுப்புகள். காலை ஆறு மணிக்குப் பாதித் திடலை ஒரு பயிற்சி மையம் பிடித்துக்கொண்டு மாதக் கட்டணம் வாங்குவது, வாசலில் டிக்கெட் போடாமலே பொது இடத்துக்கு விலை வைப்பதுதான்.
4. மரம் வெட்டவும் புதிதாகக் கட்டவும் யார் அனுமதி வேண்டும்?

கட்டணமே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பெரிய தாவரவியல் பூங்காக்கள் வாங்கத்தான் செய்கின்றன. ஆனால் நடந்து போய்ச் சேரும் தூரத்தில், அதற்கு மாற்றாக வேறு இடமில்லாத வார்டுப் பூங்காவில் 20 ரூபாய்கூட ஒரு வடிகட்டிதான். நாலு பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு அது 100 ரூபாயைத் தாண்டும்.

எங்கே போய்க் கேட்பது

தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அங்கங்கே மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டங்கள், 2022 நவம்பர் 1-லிருந்து நடக்கின்றன. பூங்கா விஷயத்தைக் கொண்டுபோக அது பொருத்தமான இடம். ‘பராமரிப்பு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ‘கவனிக்கிறோம்’ என்று பொதுவாகப் பதில் வரும். அதனால் குறிப்பாகக் கேட்க வேண்டியவை நாலு: தானப் பத்திரத்தின் எண், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், திறந்திருக்கும் நேரம் பற்றிய உத்தரவு, கடந்த நிதியாண்டில் அந்தப் பூங்காவுக்குச் செலவான தொகை. அங்கே கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு.

பத்திர எண் தெரியவில்லை என்று பதில் வந்தால், அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். வரவில்லையென்றால் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் பதிவேட்டில் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்க வாய்ப்புண்டு. அப்போது மரம் நடுவதையும் ஊஞ்சல் கேட்பதையும் தள்ளி வைத்துவிட்டு, அனுமதி தந்த சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கோப்பிலிருந்து அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்குவதுதான் முதல் வேலை.